சீர்வரிசை செய்துவிட்டபடியால்

அத்தியாயம் 11

செவிலிமேடு பஸ் நிறுத்தத்துக்கே ரேணுவின் அண்ணன் ஓடி வந்து அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான். அண்ணி இட்லிக்கு மேல் இட்லியாக வைத்துத் திணற அடித்தாள். போன வாரம் இதைப் படித்ததுமே மூக்கில் வேர்த்த வாசகிகள் கெட்டிக்காரிகள். காரியம் இல்லாமல் இத்தனை உபசாரம் எந்த வீட்டிலும் நடப்பதில்லை.

காரியம் இதுதான். அப்பா கண்ணாயிரம் காலமாகி வருஷத் திதியும் முடிந்துவிட்டது. அவர் சொந்த உழைப்பில் வாங்கிப்போட்ட வீடும், அதை ஒட்டி ரோட்டோரமாகக் கிடக்கும் மனையும், அம்மாவும் முன்னமே போய்விட்டதால், இப்போது மகன் கோதண்டபாணிக்கும் அவன் தங்கைகள் இரண்டு பேருக்கும் பொது. மனையில் நெல் மில் வைக்க வேண்டும் என்று கோதண்டபாணிக்கு ரொம்ப நாளாக ஆசை. பாங்குக்காரர்கள் கைகொடுக்கத் தயார். ஆனால் சொத்து ஒரே ஆள் பேரில் இருக்க வேண்டும் என்கிறார்கள். தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிவிட்டால் தீர்ந்தது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் சொன்ன நாளிலிருந்தே இந்தப் பக்கத்துத் தங்கைகள் செய்துவருவதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அண்ணன் தட்டில் புடவை, மஞ்சள், குங்குமம் வைத்துக் கொடுப்பான். அன்றைக்கு வீட்டில் வடை பாயசம். அதற்குப் பிறகு அவள் எப்போது வந்தாலும் பிறந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறும் "வாம்மா" என்ற ஒரு சொல்லும் நிச்சயம்.

சின்னவள் பூவம்மாள் வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் முதல் நாளே வந்துவிட்டாள். தனியாக வந்தாள். "மாப்பிள்ளை வரலையா?" என்று அண்ணி லோகாம்பாள் கேட்டுக்கொண்டே இருந்தாள், "அவருக்கு வேலை" என்று பூவம்மாளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெரியவள் ரேணுகாம்பாள்தான் நம் கவலை.

ரேணுவுக்கு வயது முப்பத்தாறு. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறாள். கல்லூரி ஹாஸ்டலிலேயே ஓர் அறை. பகலெல்லாம் பாடம், சாயங்காலமெல்லாம் ஆராய்ச்சி. இஸ்லாமியச் சட்டத்தையும் வியாபாரத்தையும் வைத்து டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். "கண்ணாயிரம் பொண்ணு ஊருல இல்லாத படிப்பா சாயபு சட்டம் படிக்குதாம்" என்று செவிலிமேட்டில் பேச்சு. சாயபுமார்களும், "இந்தப் பொண்ணுக்கு நம்ம சட்டத்துல இன்னா வேலை?" என்றுதான் கேட்டார்கள். கேட்டாலும் வீட்டுக்குள் கூப்பிட்டு, டீ கொடுத்து, பதிலும் சொன்னார்கள்.

அவள் வாதம் சுருக்கமாக இவ்வளவுதான். ஒரு முஸ்லிம் வியாபாரி கண்ணை மூடினால் அவர் சொத்தில் யார் யாருக்கு எவ்வளவு என்று சட்டமே வகுத்து வைத்திருக்கிறது. மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. மனைவிக்கு இவ்வளவு, தாய்க்கு இவ்வளவு. ஒருத்தரையும் தள்ளிவிட முடியாது. நியாயம்தான். ஆனால் ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த முதல் அவரோடு சிதறிப்போகிறது. கூட்டு வியாபாரம் என்றால் கூட்டாளி செத்ததும் கூட்டு கலைகிறது. பெரிய தொழில்கள் எழும்பாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது ரேணுவின் கட்சி. இதற்காக ஆற்காடு, வேலூர், காஞ்சிபுரம் என்று ஜரிகைக் கடைக்காரர்கள், தோல் மண்டிக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

அந்த வீடுகளில் பெண்களிடமும் பேசினாள். சட்டம் கொடுத்த பங்கைக்கூட அவர்களில் பலர் அண்ணன் தம்பிக்கே விட்டுக்கொடுத்திருந்தார்கள். "ஏன் விட்டுக்குடுத்தீங்க?" என்று ரேணு கேட்பாள். அவர்கள் சிரிப்பார்கள். "பொறந்த வூடு வேணுமேம்மா" என்பார்கள். அதை ரேணு தன் ஆராய்ச்சியில் அரைப் பக்கத்தில் எழுதி முடித்துவிட்டாள்.

* * *

காலைப் பலகாரத்தின்போது கோதண்டபாணிக்கு வாயெல்லாம் மில்தான்.

"மோட்டாரு கோயமுத்தூர்லேர்ந்து வருது. முன்னாடி களம் போட்டுடலாம். மேற்கால ரூமு இருக்குது பாரு, அத்த மில்லுக்கு ஆபீஸா பண்ணிடலாம்னு இருக்கறேன். ரோட்டுப் பக்கம் தனி வாசல் வேற இருக்குது, வசதியா போச்சு."

ரேணுவின் கை தட்டிலேயே நின்றது. மேற்கு அறை அவளுடைய அறை. பள்ளிக்கூட நாளிலிருந்து அங்கேதான் படித்தாள், அங்கேதான் தூங்கினாள். இன்றைக்கும் லீவுக்கு வந்தால் அந்த அறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தால்தான் அவளுக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். புத்தகங்களில் பாதி அங்கேதான் அடுக்கியிருக்கிறது.

"அப்ப நான் வந்தா எங்கண்ணா?"

"கூடத்துல படுத்துக்க. உன் வூடு, உன்னை யாரு கேக்கப் போறாங்க?" என்றான் கோதண்டபாணி. கள்ளம் இல்லாமல்தான் சொன்னான். "அதுவும் வருஷத்துல எத்தினி நாளு வர்ற நீ?"

அண்ணி இன்னொரு இட்லியை வைத்தாள். "புஸ்தகம் எல்லாம் பரண்ல ஏத்திடலாம் ரேணு. கரையான் ஏறாம நான் பாத்துக்கறேன்."

"நீ சொன்னதைத்தானம்மா நான் செய்யறேன்," என்று கோதண்டபாணி சிரித்தான். "சொத்து துண்டு துண்டா பிரிஞ்சா தொழிலே வளராதுன்னு போன வருஷம் லீவுக்கு வந்தப்போ மணிக்கணக்கா நீதானே சொன்ன? பஞ்சாயத்து ஆபீசுல கூட நான் எடுத்து வுட்டேன். எந்தங்கச்சி இதையெல்லாம் இங்கிலீசுல எழுதிக்கினு இருக்குதுன்னு."

தன் வாதம் இப்படித் தன் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்னியைத் தொட்டுக்கொள்ளும் என்று எந்த ஆராய்ச்சிக்காரிதான் எதிர்பார்ப்பாள்? ரேணு குனிந்து இட்லியைப் பிட்டாள். அவள் படித்த படிப்பெல்லாம் அண்ணன் பக்கம் நின்றது. அவள் பக்கம் நிற்க அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

பூவம்மாள் மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். பிறகு அவளும் குனிந்துகொண்டாள்.

* * *

பத்திரம் எழுதும் காசிநாதன் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் வேப்பமரத்தடியில் சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். சொந்தமாக ஒரு வார்த்தை யோசிக்க மாட்டார். எல்லாப் பத்திரத்துக்கும் அவரிடம் வாசகம் தயாராக உண்டு. கிரயத்துக்கு ஒன்று, அடமானத்துக்கு ஒன்று, விடுதலைக்கு ஒன்று. ஊர் பேர் மட்டும் மாற்றுவார்.

"வாங்க வாங்க. நல்ல நாளு, உள்ள ஜாஸ்தி கூட்டம். படிச்சிடறேன், கேட்டுக்கினு கையெழுத்துப் போட்டா ஒரே நடையில முடிஞ்சிடும்" என்றார்.

மரத்தடியில் வேறு இரண்டு மூன்று குடும்பங்களும் காத்திருந்தன. தறிக்காரக் குடும்பம் ஒன்று, கிரயத்துக்கு வந்த மாமன் மைத்துனர்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு கிழவர். சொந்த வழக்கு அலுத்துப்போனால் அடுத்தவர் வழக்கைக் கேட்பதற்கென்றே வந்தவர்கள் போல எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

காசிநாதன் முதலில் பூவம்மாளுடையதைப் படித்தார். அவர் படிப்பது புஸ்தகம் படிப்பதுபோல் இருக்காது. ஆராதனை மந்திரம் மாதிரி ஓடும். "...எனக்குத் தாங்கள் தக்க இடத்தில் விவாகம் செய்து வைத்து, நகை, பாத்திரம், சீர்வரிசை முதலியன குறைவறச் செய்துவிட்டபடியால், மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல பாத்தியங்களையும் இதன் மூலம்..."

பூவம்மாள் தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

அடுத்து ரேணுவுடையது. அதே ராகம். "...கண்ணாயிரம் அவர்கள் குமாரத்தி ரேணுகாம்பாள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால், எனக்குத் தாங்கள் தக்க இடத்தில் விவாகம் செய்து வைத்து, நகை, பாத்திரம்..."

"நிறுத்துங்க" என்றாள் ரேணு.

காசிநாதன் நிமிர்ந்தார்.

"எனக்குக் கல்யாணம் ஆகலைங்க."

வெற்றிலைக் கிழவர் மெல்லுவதை நிறுத்தினார். தறிக்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ரேணுவின் கழுத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை மாற்றிக்கொண்டாள்.

"அது... விடுதலைன்னா இப்படித்தாம்மா எழுதறது" என்றார் காசிநாதன். "தங்கச்சிங்க எழுதிக் குடுத்தா இதான் வாசகம்."

"நடக்காததை நடந்ததா எழுதி நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"சும்மா பார்மாலிட்டிதானம்மா ரேணு" என்றான் கோதண்டபாணி. "யாரு இத்தப் படிக்கப் போறாங்க? போட்டுடு."

"நான் படிச்சிட்டேனேண்ணா."

கோதண்டபாணிக்கு முகம் கறுத்தது. தங்கை மேல் கோபம் இல்லை. நாலு பேருக்கு நடுவே இந்தப் பேச்சு வந்துவிட்டதே என்றுதான். "சரிய்யா, அந்த வரியை எடுத்துடு" என்றான்.

"எடுக்கலாம். எடுத்துட்டு அந்த எடத்துல இன்னா போடறது? எதுக்காக விட்டுக்குடுக்கறாங்கன்னு ஒரு காரணம் வேணும்ல?" காசிநாதன் பேனாவை மையில் தோய்த்துத் தயாராக வைத்துக்கொண்டார். அவருக்கு இது புது அனுபவம், உற்சாகம்கூட வந்துவிட்டது. "நீங்களே சொல்லுங்க. தங்கச்சிக்கு நீங்க இன்னா செஞ்சீங்க?"

கோதண்டபாணி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"படிக்க வெச்சோம்" என்றான்.

"ஸ்காலர்ஷிப்புல படிச்சேண்ணா" என்றாள் ரேணு. குத்திக்காட்டச் சொல்லவில்லை, தப்பான தகவலைத் திருத்துகிற வாத்தியார் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

அவன் மறுபடி யோசித்தான். மரத்தடி முழுவதும் அவனோடு சேர்ந்து யோசித்தது. ஒருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

ரேணுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணம் ஆகவில்லை என்பதற்காக அவள் அழுத காலம் எப்போதோ போய்விட்டது. அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது வந்த வரன் ஒன்று தட்டிப்போயிற்று. பிறகு ஒன்று ஜாதகத்தில் நின்றது. பிறகு பூவம்மாளுக்கு நல்ல இடம் வந்தது, சின்னவளுக்கு முடித்துவிட்டார்கள். அதற்கு அப்புறம் ரேணுவுக்கு மாப்பிள்ளை தேடுவதை எப்போது விட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவரும் ஒரு நாளும் தீர்மானம் செய்யவில்லை. பேச்சு நின்றது, அவ்வளவுதான். இன்றைக்குத்தான் அதற்கு ஒரு இடம் கிடைத்தது, பத்திரத்தின் நடுவில் ஒரு வரி இடம். அந்த வரியில் எழுத இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை.

"அன்புன்னு போடுய்யா" என்றான் கோதண்டபாணி, தோற்றுப்போன குரலில்.

"வெறும் அன்புன்னு போட்டா பின்னால தகராறு வரும்" என்றார் காசிநாதன்.

அப்போதுதான் ரேணு அதைச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் நினைத்திருக்கவில்லை.

"மேற்கு ரூமை நான் சாகற வரைக்கும் என் அனுபவத்துக்கு விட்டதா எழுதுங்க. அதுக்காக மீதி எல்லாத்தையும் அண்ணனுக்கு விட்டுக்குடுக்கறேன்னு போடுங்க."

அவள் படிக்கிற சட்டத்தில் இப்படி ஒரு வழி உண்டு. வாரிசுகளில் ஒருத்தர், மற்ற எல்லோர் சம்மதத்தோடும், சொத்தில் ஏதாவது ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு பாக்கியிலிருந்து விலகிக்கொள்ளலாம். வியாபாரம் சிதறாமல் இருக்க அது எவ்வளவு உதவியது என்று ரேணு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். விலகிக்கொள்கிறவர்கள் அந்தப் பொருளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று மட்டும் அவள் யாரையும் கேட்டதில்லை.

"பாங்குக்காரன் ஒத்துக்க மாட்டாம்மா" என்றான் கோதண்டபாணி. "வில்லங்கம்னுவான். மில்லுக்கு ஆபீசு?"

"களத்துப் பக்கம் ஓடு போட்டுக் கட்டிக்கலாம்."

"ஒரு ரூமுக்காக அண்ணங்கிட்டயே எழுதிக் கேக்கறியா நீ?"

"எழுதத்தானே வந்திருக்கோம்?"

காசிநாதன் பூவம்மாள் பக்கம் பேனாவை நீட்டினார், ஒன்றாவது முடியட்டும் என்று. பூவம்மாள் வாங்கினாள். பிறகு மேஜை மேலேயே வைத்துவிட்டாள்.

"அக்கா போடும்போது நானும் போடறேன்" என்றாள்.

அதுவரை பொறுமையாக இருந்த கோதண்டபாணிக்கு அப்போதுதான் பற்றிக்கொண்டு வந்தது. "வூட்டுல பாயசம் காச்சி வெச்சிக்கினு உக்காந்திருக்கறா உங்க அண்ணி! புடவை எடுத்து வெச்சிருக்குது!" என்று கத்தினான். பிறகு நாலு பேர் பார்க்கிறார்கள் என்று நினைவு வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பூவம்மாளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ரேணுவை யாரும் வா என்று கூப்பிடவில்லை.

* * *

அன்று பகல் காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில் மைமூன் என்பவளைப் பார்க்க ரேணு முன்னமே சொல்லி வைத்திருந்தாள். ஆராய்ச்சிக்காகத்தான். வேறு போக்கிடமும் இல்லை, போனாள்.

மைமூனின் தகப்பனார் ஜரிகை வியாபாரி. மூன்று கடைகள் வரிசையாக வைத்திருந்தார். அவர் போனதும் தம்பிகள் இரண்டு பேரும் அக்காவின் கையெழுத்தை எதிர்பார்த்தார்கள். மைமூன் மட்டும் சிரித்து மழுப்பாமல், கோடிக் கடை எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இருப்பதிலேயே சின்னக் கடை. இப்போது அதில் ஊசி, நூல், பொத்தான் விற்கிறாள். கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பு. புருஷன் பம்பாயில் இருக்கிறான், எப்போதாவது வருவான்.

"வாங்க டீச்சரம்மா. இன்னா மூஞ்சி வாடிக்கெடக்குது? வெயிலா?"

"ஆமா" என்றாள் ரேணு.

மைமூன் உள்ளே கூட்டிப்போய்ப் பாய் விரித்தாள். கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. மற்றச் சுவர்களெல்லாம் பழைய காரைச் சுவர்கள். அது மட்டும் செங்கல் தெரியப் பூசாமல் நின்றது.

"இது முன்னாடி இல்லியா?"

"அத்தா இருந்தப்ப மூணும் ஒண்ணா இருந்துச்சு. தம்பிங்க எழுப்புனாங்க. அவங்க பக்கம் பூசிட்டாங்க. எம் பக்கம் பூசினா நானும் ஒத்துக்கினதா ஆயிடும்னு அப்படியே வுட்டுட்டேன்."

வழக்கமாக ரேணு இப்போது பையிலிருந்து பேனாவை எடுத்திருப்பாள். இன்றைக்கு எடுக்கவில்லை.

"அந்தக் கடையைக் கேட்டு வாங்கினதுக்கு என்னிக்காவது வருத்தப்பட்டிருக்கீங்களா?"

மைமூன் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "போன மாசம் பெரிய தம்பி மகளுக்கு நிக்காஹ். பத்திரிகை வந்துச்சு. தபால்ல."

"வெளியூர்ல இருக்காரா தம்பி?"

"பின் தெருவுல. இங்கேர்ந்து கூப்பிட்டா கேக்கும்."

சொந்த அக்காவை நேரில் வந்து, தட்டு வைத்து அழைக்காமல் தபாலில் பத்திரிகை அனுப்புவது என்றால் என்னவென்று ரேணுவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதில் சாயபு வீடு, முதலியார் வீடு, நாயக்கர் வீடு என்று வித்தியாசம் கிடையாது.

"போனீங்களா?"

"நானும் வாழ்த்தைத் தபால்லயே போட்டுட்டேன்" என்று மைமூன் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. "பொண்ணுக்குக் கையில மருதாணி நான்தான் வெக்கணும்னு அது சின்னதுலேர்ந்து சொல்லிக்கினு இருந்துச்சு டீச்சரம்மா. யாரு வெச்சாங்களோ."

வாசலில் யாரோ பொத்தான் கேட்டார்கள். மைமூன் எழுந்து போனாள். நிறத்தைப் பார்த்து, அளவைப் பார்த்து, டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது முகம் தெளிவாகத்தான் இருந்தது.

"நான் செஞ்சது சரியா தப்பான்னு உங்க புஸ்தகத்துல போடாதீங்க" என்றாள். "எனக்கே தெரியாது."

"போட மாட்டேன்" என்றாள் ரேணு.

தன் வீட்டு விஷயத்தை மைமூனிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் இத்தனை வருஷமாகக் கேள்வி கேட்டே பழகிவிட்டாள்; தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

* * *

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள் லோகாம்பாள். "சாப்பிடறீங்களா?"

காலையில் "ரேணு, இன்னொண்ணு வெச்சிக்க" என்றவள். ரேணு வேண்டாம் என்று தலையாட்டினாள். கூடத்தில் தாம்பாளத்தில் இரண்டு புடவைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பாயச வாசனை வீடு முழுவதும் இருந்தது. யாரும் குடித்ததாகத் தெரியவில்லை. பூவம்மாள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ரேணு மேற்கு அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்தாள். கட்டிலில் ஒரு நிமிஷம் உட்காரலாமா என்று தோன்றியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்று பயந்து வெளியே வந்துவிட்டாள்.

கோதண்டபாணி பெட்டியை வாங்கிக்கொண்டான். அண்ணனும் தங்கையும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. பள்ளிக்கூட நாளில் இதே ரோட்டில் சைக்கிள் பாரில் அவளை உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போவான். மூச்சு வாங்கினாலும் பேச்சை நிறுத்த மாட்டான்.

"பாங்குல போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றான் கடைசியில். "ரூமை மட்டும் தள்ளி மீதியை எழுதினா கொஞ்சம் கொறைச்சிக் குடுப்பாங்களாம். சின்ன மோட்டாரா போட்டுக்கணும்."

"மன்னிச்சிக்கண்ணா."

"இன்னாத்துக்கும்மா அந்த ரூமு உனக்கு? நான் இருக்கறேன். எம்புள்ளைங்க இருக்கறாங்க. உன்னை வெளியே போன்னா சொல்லிடுவோம்?"

"ஹாஸ்டல்ல ரிட்டயர் ஆவற வரைக்கும்தாண்ணா எடம். அப்புறம் நான் எங்க போவேன்னு எப்பவாவது யோசிச்சியா?"

"நம்ம வூடு இல்லியா?"

"கூடத்துலயாண்ணா?"

காலையில் தான் சொன்னது இப்போதுதான் அவன் காதில் விழுந்தது போலிருந்தது. கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"சரி. எழுதித் தர்றேன்" என்றான் கோதண்டபாணி. "உன் ஆயுசு வரைக்கும்னு போடச் சொல்றேன். அடுத்த நல்ல நாளு பாத்துச் சொல்லி அனுப்பறேன், வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ. ஆனா ஒண்ணு சொல்லிடறேம்மா. கோவத்துல சொல்லல."

"சொல்லு."

"இத்தினி நாளு நீ அண்ணன் வூட்டுக்கு வந்த. எழுதிட்டா, நீ உன் ரூமுக்கு வர்ற. ரோட்டுப் பக்கம் வாசல் இருக்குது. வந்துக்கலாம், போய்க்கலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வந்தியா சாப்பிட்டியான்னும் கேக்க மாட்டாங்க. உங்க அண்ணி மனசு உட்டுட்டா. மரத்தடியில நாலு பேரு எதிர்ல தங்கச்சிக்கு இன்னா செஞ்சேன்னு என்னைக் கேட்டு நிக்க வெச்சிட்டாங்கன்னு அழுதுக்கினு இருக்குறா. நான் அவளைக் கட்டாயப்படுத்த மாட்டேன்."

அவன் குரலில் நிஜமாகவே கோபம் இல்லை. இருந்திருந்தால் ரேணுவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

பொறந்த வூடு வேணுமேம்மா என்று எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் சொன்னார்கள்! சொல்லும்போதெல்லாம் ஏன் சிரித்தார்கள் என்று இப்போது புரிந்தது. அழாமல் அதைச் சொல்ல வேறு வழி இல்லை. அவர்களுக்கெல்லாம் திரும்பிப் போக இன்னொரு வீடாவது இருந்தது. புருஷன் வீடு, பிள்ளை வீடு. அவளுக்குச் சென்னையில் கல்லூரிக்குச் சொந்தமான கட்டிலும் மேஜையும்தான். அண்ணனை வைத்துக்கொண்டால் அறை இல்லை. அறையை வைத்துக்கொண்டால் அண்ணன் இல்லை. இரண்டில் எது இல்லாமல் சாக முடியும் என்று அந்த ரோட்டில் வைத்தே அவள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

தூரத்தில் பஸ் விளக்குத் தெரிந்தது.

"எழுதிடுண்ணா" என்றாள் ரேணு.

கோதண்டபாணி தலையாட்டினான். பஸ் நின்றதும் பெட்டியை உள்ளே தூக்கி வைத்தான். எப்போதும் கண்டக்டரிடம் தானே டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு, "போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடு" என்று ஜன்னலைத் தட்டிவிட்டுத்தான் இறங்குவான். இன்று பெட்டியை வைத்துவிட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

ரேணு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பாதி காலியான பஸ்ஸில் பக்கத்து இடத்தில் பெட்டி இருந்தது. அதைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. பூவம்மாள். பாத்திரம் தேய்த்த ஈரக்கை, செருகிய முந்தானை, மூச்சு இரைக்கிறது. அண்ணன் போய்விட்டானா என்று முதலில் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பினாள்.

"அக்கா, அந்த ரூமு சாவி குடுத்தாங்கன்னா ரெண்டாப் போட்டு வாங்கிக்க. எனக்கு ஒண்ணு வேணும்."

"ஏண்டி? மாப்பிள்ளை..."

பூவம்மாள் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். கண்டக்டர் விசில் ஊதினார். தக்க இடத்தில் விவாகம் செய்து, சீர்வரிசை எல்லாம் குறைவறச் செய்து அனுப்பப்பட்டவளின் விரல்கள் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக நழுவின.